பாரெட் உணவுக்குழாய்: ஆலோசனைகள் முரண்படும்போது நோயாளி செய்ய வேண்டியவை

நெடுங்காலம் நெஞ்செரிவோடும் புளித்த ஏப்பத்தோடும் இருந்த ஒருவருக்கு எண்டோஸ்கோப்பி அறிக்கையில் ‘பாரெட்’ என்ற சொல் வந்துவிட்டால், அதன் பிறகு அவர் கேட்கும் ஆலோசனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது அரிது. கொழும்பு வெள்ளவத்தையில் சனலிங் செய்து (தனியாரிடம் பணம் கட்டி நேரம் பெற்று) பார்த்த நிபுணர் ஆண்டுதோறும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மூன்று ஆண்டு கழித்து வந்தால் போதும் என்கிறார்கள். குடும்ப வைத்தியர் அமிலத்தைக் குறைக்கும் குளிசையைக் குறைக்கச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் அறிக்கையைப் பார்த்த அமெரிக்க உறவினரோ இது பாரெட்டே அல்ல என்று சொல்லிவிடுகிறார். இவர்களில் ஒருவர் மட்டுமே சரி, மற்றவர்கள் தவறு என்று எண்ணிக்கொண்டு வைத்தியரை மாற்றிக்கொண்டே போவது காசையும் நிம்மதியையும் கரைக்கும். பெரும்பாலான முரண்பாடுகளுக்குக் காரணம், அவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் நோயின் வெவ்வேறு பகுதியை, வெவ்வேறு தாளை வைத்துக்கொண்டு பார்ப்பதுதான். ஆகவே முதலில் தாள்களை ஒன்றுசேர்க்க வேண்டும்.

இரைப்பையின் அமிலமும் பித்தமும் ஆண்டுக்கணக்கில் மேலேறி வரும்போது, உணவுக்குழாயின் அடிப்பகுதியை மூடியிருக்கும் தட்டையான கலங்கள் அழிந்து, அந்த இடத்தில் குடலின் உட்சுவரில் உள்ளவை போன்ற உயரமான கலங்கள் வளர்வதே இந்நோய். 1950இல் இதைப் பற்றி எழுதிய நோர்மன் பாரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. இந்த மாற்றத்துக்கென்று தனியான வலி கிடையாது. நெஞ்செரிவு தணிந்துவிட்டதால் பாரெட் மறைந்துவிட்டது என்று கொள்ள முடியாது. இது புற்றுநோயாக மாறக்கூடும் என்பது உண்மை. ஆனால் டிஸ்பிளேசியா எனப்படும் கல ஒழுங்கீனம் இல்லாதவர்களில் அவ்வாறு மாறுவது ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்கே. இந்த அளவை மனத்தில் பதித்துக்கொண்டால் இரவுத் தூக்கத்தைத் தொலைக்கவும் தேவையில்லை, பரிசோதனையைத் தட்டிக்கழிக்கவும் தோன்றாது.

உங்கள் கோப்பில் இரண்டு அறிக்கைகள் இருக்க வேண்டும்: ஒன்று எண்டோஸ்கோப்பி செய்தவர் எழுதியது, மற்றது பயொப்சித் துண்டுகளை (பரிசோதனைக்காகக் கிள்ளியெடுத்த சிறு சதைத் துண்டுகளை) பார்த்த நோயியல் நிபுணர் எழுதியது. பலரிடம் முதலாவது மட்டுமே இருக்கிறது. இரண்டாவது ஆய்வுகூடத்திலேயே தங்கிவிடுகிறது. முதல் அறிக்கையில் ‘சீ 1 எம் 4’ (C1M4) என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உணவுக்குழாயை முழு வட்டமாகச் சூழ்ந்த மாற்றம் 1 சென்ரிமீற்றர் உயரத்துக்கும், நாக்குப்போல் நீண்ட பகுதியையும் சேர்த்தால் மொத்தம் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்கும் இருக்கிறது என்பதே அதன் பொருள். பிராக் வகைப்பாடு என்று இதற்குப் பெயர். நீளம் எழுதப்படாமல் ‘பாரெட் போலத் தெரிகிறது’ என்று மட்டும் இருந்தால், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது என்ற கேள்விக்கு எந்த வைத்தியராலும் உறுதியான பதில் தர முடியாது. இரண்டாவது அறிக்கையில் குடற்கல மாற்றம் காணப்பட்டதா, டிஸ்பிளேசியா உண்டா என்ற இரண்டையும் தேடுங்கள்.

இந்த விவரங்களை வைத்துக்கொண்டு பார்த்தால் முரண்பாடுகள் தாமாகவே விளங்கும். அமெரிக்க வழிகாட்டலின்படி, குடற்கல மாற்றம் பயொப்சியில் உறுதியானால்தான் அது பாரெட். பிரித்தானிய வழிகாட்டலோ உயரமான கலங்கள் 1 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் குறையாமல் பரவியிருந்தாலே அப்பெயரை ஏற்கிறது. நம் நாட்டு நிபுணர்கள் மேற்படிப்பின் ஒரு பகுதியைப் பெரும்பாலும் பிரித்தானியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ முடித்து வருபவர்கள் என்பதால், உறவினர் சொல்வதும் இங்குள்ளவர் சொல்வதும் வேறுபடுவதில் வியப்பில்லை. கால இடைவெளியும் அப்படித்தான்: டிஸ்பிளேசியா இல்லாமல், மாறிய பகுதியின் நீளம் 3 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் 5 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டால் 3 ஆண்டுக்கு ஒருமுறையும் போதும் என்பது 2022இன் அமெரிக்க வழிகாட்டல், பிரித்தானியாவில் 2014இல் வந்த வழிகாட்டல் நீண்ட பகுதிக்கு 2 முதல் 3 ஆண்டு என்கிறது. டிஸ்பிளேசியா இல்லாதபோது ஆண்டுதோறும் என்று ஒருவர் சொன்னால், “எனக்கு மட்டும் அடிக்கடி தேவைப்படுவதற்கான காரணம் என்ன, டொக்டர்?” என்று மரியாதையோடு கேட்பதில் பிழையில்லை. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். முதல் தடவை கடுமையான அழற்சி இருந்திருந்தால், சுமார் 8 முதல் 12 வாரம் மருந்து எடுத்து அதை ஆற்றிய பிறகு மீண்டும் பார்ப்பது சரியே. புண்பட்ட இடத்துக் கலங்கள் டிஸ்பிளேசியாவைப் போலத் தோன்றி நோயியல் நிபுணரையும் ஏமாற்றக்கூடும். பயொப்சித் துண்டுகள் போதாமல் எடுக்கப்பட்டிருக்கவும் கூடும். 2 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை நான்கு பக்கமும் துண்டு எடுப்பதே முறை.

டிஸ்பிளேசியா உண்டு என்று அறிக்கை சொன்னால் நிலைமை வேறு. அப்போது இரண்டாவது அபிப்பிராயம் கட்டாயம்; ஆனால் அதை இன்னொரு சனலிங் வைத்தியரிடம் பெறுவதைவிட, இத்துறையில் அனுபவமுள்ள இன்னொரு நோயியல் நிபுணரிடம் பயொப்சித் துண்டுகள் உள்ள அதே கண்ணாடித் தகடுகளைக் காட்டிப் பெறுவதே பயன் தரும். உயர்தர, அதாவது கடுமையான, டிஸ்பிளேசியா உறுதியானால் எண்டோஸ்கோப்பி வழியாகவே அப்பகுதியை அகற்றவோ வெப்பத்தால் சுட்டழிக்கவோ முடியும்.

குளிசை விடயத்தில்தான் அதிகக் குழப்பம். ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல், பன்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்புக் குளிசைகள் இரைப்பை அமிலம் சுரக்கத் தொடங்கும் வேளையில் இரத்தத்தில் இருக்க வேண்டும். எனவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டும். காலை ஏழரைக்கு இடியப்பமும் சொதியும் என்றால் ஏழு மணிக்குக் குளிசை. படுக்கப்போகும்போது வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்பவர்கள் நம்மில் பலர். சிறுநீரகம், எலும்பு, ஞாபகசக்தி ஆகியன கெடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையான ஆய்வுகள் பெரும்பாலும் அவதானிப்பு வகையைச் சேர்ந்தவை; மருந்துதான் காரணம் என்று அவற்றால் நிறுவ முடியாது. 17,000க்கு மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகள் பன்டோப்ரசோலையும் மருந்தில்லாத வெற்றுக் குளிசையையும் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், குடல் தொற்று சற்றுக் கூடியதைத் தவிர அந்தத் தீங்குகள் தெளிவாகத் தென்படவில்லை. வெறும் நெஞ்செரிவுக்காரருக்கு ‘மெல்லக் குறையுங்கள்’ என்பது நல்ல ஆலோசனை. பாரெட் உறுதியானவருக்கோ நாளுக்கு ஒரு தடவையேனும் தொடர்வதே வழக்கம். குடும்ப வைத்தியரிடம் பயொப்சி அறிக்கையையும் காட்டினால் அவரது பதில் மாறக்கூடும். ஒரு எச்சரிக்கை: இதயத்துக்காகக் குளோபிடோக்ரல் எடுப்பவர்கள் ஒமெப்ரசோலையும் எசோமெப்ரசோலையும் தவிர்க்க வேண்டியிருப்பதால், இரண்டு வைத்தியர்களுக்கும் மற்றவர் எழுதிய மருந்து தெரிந்திருக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது என்பதையும் சொல்லிவையுங்கள்.

உணவில் எல்லாவற்றையும் விலக்கச் சொல்லும் நீண்ட பட்டியல்களை நான் ஏற்பதில்லை. உறைப்பும் புளியும் எல்லாரையும் ஒரேமாதிரித் தாக்குவதில்லை. எது உங்களுக்கு எரிவைத் தருகிறதோ அதை மட்டும் விலக்குங்கள். கொழும்பு வாழ்க்கையில் பெருங்கேடு நேரம்தான். வேலை முடிந்து காலி வீதி நெரிசலைக் கடந்து வந்து, பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் படுப்பவருக்கு எந்தக் குளிசையும் முழுப்பயன் தராது. இரவு உணவைக் குறைத்து, படுக்கைக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் முடிக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரமான உறுதியான மரக்கட்டைகளை வையுங்கள். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுத்தப்படும். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும். வயிற்றுச் சுற்றளவைக் குறைப்பதும் புகைத்தலை விடுவதும் எல்லா வைத்தியர்களும் ஒருமித்துச் சொல்பவை. அப்பச்சோடாவைக் கரைத்துக் குடிப்பதை, குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ளவர்கள், வழக்கமாக்கக் கூடாது. அதில் சோடியம் அதிகம்.

அடுத்த பரிசோதனைக்கான மாதத்தையும் ஆண்டையும் கோப்பின் மேலட்டையில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். உணவு விழுங்கும்போது சிக்குதல், காரணமின்றி மெலிதல், இரத்த வாந்தி, தார்போன்ற கறுப்பு மலம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அந்தத் திகதிக்காகக் காத்திராமல் உடனே செல்ல வேண்டும். நெஞ்செரிவோடு வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி சேர்ந்து வந்தால் அதை வாய்வு என்று எண்ணி வீட்டில் இருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இதயம் நலமாயிருக்கிறது என்று உறுதியான பிறகு உணவுக்குழாயைப் பற்றிப் பேசலாம்.