சீரியல் டெர்மினலையும் பிரிண்டரையும் கணினியுடன் இணைக்கக் கேபிள் கட்டும் முறை

கடலூர் முதுநகரில் உள்ள ஒரு மொத்த வியாபார மண்டியில், ஒரே லினக்ஸ் கணினியில் இரண்டு பழைய டெர்மினல்களும் (திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட கருவிகள்) பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றும் இன்றும் வேலை செய்கின்றன. அவற்றுக்கு நான் கேபிள் கட்டிய முறையை, பற்றவைக்க மட்டுமே தெரிந்தவரும் பின்பற்றும்படி எழுதுகிறேன்.

கேபிளை வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். இக்கருவிகள் பயன்படுத்தும் ஆர்எஸ்-232 என்னும் சீரியல் இணைப்பில் ஒவ்வொரு கருவியும் ஒரு பின் வழியே அனுப்பி, மற்றொரு பின் வழியே பெறுகிறது. எது எந்தப் பின் என்பதை நினைவை நம்பி முடிவு செய்வதால்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். கருவியை எதனுடனும் இணைக்காமல் இயக்கி, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்ட் பின்னில் (9 பின் கனெக்டரில் 5, 25 பின் கனெக்டரில் 7) பொருத்தி, சிவப்பு முனையால் 2, 3 ஆகிய பின்களைத் தொடுங்கள். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டுவது அனுப்பும் பின். பெறும் பின்னில் ஏறக்குறைய சுழியம் காட்டும்.

அடுத்து, ஒன்றின் அனுப்பும் பின்னை மற்றதன் பெறும் பின்னுடன் சேர்க்க வேண்டும். இரு முனைகளும் 9 பின் என்றால் 2ஐ 3உடனும் 3ஐ 2உடனும் குறுக்காகக் கட்டுங்கள். கணினியில் 9 பின்னும் டெர்மினலில் 25 பின்னும் இருந்தால், 25 பின் கனெக்டரில் அனுப்பும், பெறும் பின்களின் எண்கள் இடம் மாறியிருப்பதால் 2க்கு 2, 3க்கு 3 என்று நேராகவே வரும். கிரவுண்டில் மட்டும் 5ஐ 7உடன் சேர்க்க வேண்டும். டெர்மினலுக்கு இந்த மூன்று கம்பிகள் போதும்.

பிரிண்டருக்கு அவை போதா. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், கணினி நொடிக்கு 960 எழுத்துகளை அனுப்புகிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோ அதில் ஒரு பகுதியையே அச்சிட முடியும். இடைநினைவகம் நிரம்பியதும் 'நிறுத்து' என்று சொல்ல அதற்கு ஒரு கம்பி வேண்டும். மண்டியில் நான் முதலில் மூன்று கம்பிகளோடு விட்டபோது, முதல் பக்கம் சரியாக வந்து, இரண்டாம் பக்கத்திலிருந்து வரிகள் விடுபட்டன. பிரிண்டரின் 25 பின் கனெக்டரில் 20ஆம் பின்னைக் கணினியின் 9 பின் கனெக்டரில் 8ஆம் பின்னுடன் சேர்த்து, அந்தப் போர்ட்டில் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோலை (அந்தக் கம்பியின் சமிக்ஞைப்படி அனுப்புவதை நிறுத்தித் தொடங்கும் வசதி) இயக்கிய பிறகே சரியானது. சில பிரிண்டர்களில் இந்தச் சமிக்ஞை 11ஆம் பின்னில் வருவதால், கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

கேபிள் 15 மீட்டருக்குள் இருக்கட்டும். பின்கட்டு கிடங்குக்கு வேறு மின் இணைப்பு இருந்தால் நேரடியாகக் கம்பி இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் காலத்தில் இரு கிரவுண்டுகளுக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு போர்ட்டையே எரித்துவிடும். அங்கே மின்தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் அவசியம். கடற்காற்றின் உப்பு பற்றவைப்பை அரிக்கும் என்பதால், ஒவ்வொரு இணைப்பின் மேலும் வெப்பத்தில் சுருங்கும் உறையை மாட்டுங்கள்.

கணினியில் டெர்மினல் போர்ட்டுகளுக்கு மட்டும் கெட்டி என்னும் லாகின் நிரலைத் தொடங்குங்கள். மூன்று கம்பிகளே உள்ளதால், மறுமுனை இணைந்திருப்பதைத் தனிக் கம்பியில் தெரிவிக்கும் கேரியர் சமிக்ஞைக்காகக் காத்திராத 'லோக்கல்' நிலையில் அது இருக்க வேண்டும். பிரிண்டர் போர்ட்டில் அதை இயக்கினால் லாகின் வாசகமே தாளில் அச்சாகும். இறுதியாக, ஐந்து பக்க நீளமான கோப்பு ஒன்றை இடைவிடாமல் அச்சிட்டு, வரிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கச் சோதனையில் வரிகள் விடுபடும் குறை வெளிப்படாது.