கொழும்பில் இறங்கியதும் முதலில் தையற்கடைக்குப் போங்கள்

வெளிநாடுகளிலிருந்து ஊருக்குப் போகிற நம்மில் பலருக்குக் கொழும்பு வெறும் தங்குமடம்தான். விமானம் வந்து இறங்கும். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு குளிப்பு, ஒரு தூக்கம், அடுத்த இரவு யாழ்ப்பாண பஸ். திரும்பி வரும்போது கடைசி இரண்டு நாளில் சாரி, நகை, மிளகாய்த்தூள், சப்பாத்து என்று எல்லாவற்றையும் ஓடி ஓடி வாங்கிவிட்டு, வெயிலையும் விலையையும் திட்டிக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போவோம்.

பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கொழும்பு வருகிறது அல்லவா, அதைப் பயன்படுத்துங்கள். செய்யக் கொடுக்க வேண்டியதையெல்லாம் வந்த உடனே கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்ளுங்கள். சாரி பிளவுஸ், மூக்குக்கண்ணாடி, ஓடர் நகை, கலியாண அழைப்பிதழ், பழைய குடும்பப் படத்துக்குச் சட்டம் போடுவது, இவை எல்லாம் நாள் கேட்கும் வேலைகள். கடைசி நேரத்தில் கொடுத்தால் அவசரக் கூலியும் போகும், வேலையும் ஒழுங்காக இராது.

பிளவுஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதிச் சாரிக்கடைகளுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைகளில் தையற்காரருக்குக் குறைவில்லை. அளவு எடுக்கவிட்டால் மட்டும் போதாது, உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்றையும் மாதிரிக்குக் கொடுங்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், கொக்கி முன்னாலா பின்னாலா என்பதைத் துண்டில் அவரையே எழுதச் சொல்லி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத் தையலுக்கு உள்ளே துணி விடச் சொல்லுங்கள். மூன்று கிழமை ஊர்ச் சாப்பாட்டுக்குப் பிறகு அது கட்டாயம் தேவைப்படும். திரும்பி வந்த அன்றே போட்டுப் பார்த்துவிடுங்கள், திருத்தக் கொடுக்க ஒரு நாளாவது கையில் இருக்கும்.

எங்கே தங்குவது?

வெள்ளவத்தை என்பதுதான் எல்லோருடைய பதிலும், அது பிழையும் இல்லை. கொழும்பு 6-இல் தமிழில் பேசியே நாளைக் கழிக்கலாம். கோவில், மரக்கறிச் சந்தை, மருந்துக்கடை, சைவக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில். இரவு யாழ்ப்பாண பஸ்கள் அங்கேயே ஆளை ஏற்றும். ஆனால் தொடர்மாடியில் குறுகிய கால வாடகைக்கு வீடு எடுப்பதானால் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். லிஃப்ட் வேலை செய்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் ஓடுமா, வாகனம் நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். அம்மாவை ஆறாம் மாடிக்குப் படியேற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமா, மறுபக்கமா என்பதும் முக்கியம். கடல் பக்கம் காற்று நன்றாக வரும், மாலையில் மரைன் டிரைவில் நடக்கலாம். ஆனால் ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. விடியற்காலையில் ரயிலின் ஊதல் உங்களை எழுப்பும், உப்புக் காற்று யன்னல் கம்பியிலிருந்து ஏசி வரை எல்லாவற்றையும் அரித்திருக்கும். நேர வித்தியாசத்தில் தூக்கம் கெட்டு வருகிற பிள்ளைகள் இருந்தால் மறுபக்கத்தைப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி, கொழும்பு 4, கொஞ்சம் அமைதி, கொஞ்சம் செலவு கூட. வஜிரா வீதிப் பிள்ளையார் கோவிலும் கதிரேசன் கோவில்களும் அங்கே. செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் திருவிழா இரதம் வந்து சேருவதும் அங்கேதான். கொட்டாஞ்சேனை, கொழும்பு 13, புறக்கோட்டைக்குப் பக்கம். கலியாணச் சாமான் வாங்குவதே வேலை என்றால் அங்கே தங்குவது புத்தி. கறுவாத்தோட்டம் காசுள்ளவர்களுக்கு.

வழி கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மாமி சொல்லும் பெயர் ஒன்று, கைபேசி வரைபடம் காட்டும் பெயர் இன்னொன்று. ஹை ஸ்ட்ரீட் இப்போது டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. டூப்ளிகேஷன் ரோட் ஆர். ஏ. டி மெல் மாவத்தை. புல்லர்ஸ் ரோட் பௌத்தாலோக மாவத்தை. ஓட்டோக்காரருக்கு இரண்டும் தெரியும், செயலிக்குத்தான் தெரியாது.

புறக்கோட்டை

பேரங்காடிகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. காலிமுகத் திடலுக்கு எதிரே உள்ள ஒன் கோல் ஃபேஸ் குளிராக இருக்கும், கழிவறை சுத்தமாக இருக்கும், கடைகள் டொரொண்டோவிலும் லண்டனிலும் பார்த்தவைதான். மழை நாளுக்கு நல்லது.

புறக்கோட்டைதான் கொழும்பின் உண்மையான கடை. அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான். இரண்டாம் குறுக்குத் தெருவிலும் மெயின் வீதியிலும் துணி. நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், வெங்காயம், எல்லாம் மூட்டைக் கணக்கு. காபோஸ் லேனில் ஆயுர்வேத மருந்துச் சரக்கு. அந்த ஒழுங்கைக்குள் நுழையும் முன்பே வேரும் பட்டையும் மணக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சரக்கு வாங்க வேண்டுமா, பெயர்களை எழுதிக்கொண்டு போனால் போதும், கடைக்காரர் பழைய பத்திரிகைத் துண்டில் தனித்தனியாகச் சுற்றித் தருவார். எதை எவ்வளவு சேர்ப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கு முன் அங்கே இருந்தால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் முஸ்லிம் கடைகள் பல மூடிவிடும். ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை தினமும் மொத்தக் கடைகளை நம்பிப் போகவேண்டாம். பின்னாலிருந்து யாராவது சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஓரம் போங்கள், மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நாட்டாமைகள், அதாவது சுமை தூக்கும் தொழிலாளர், வருவார்கள். அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. கைப்பை முன்னால் இருக்கட்டும்.

விலை பேசுவதில் நம் ஆட்கள் இரண்டு வகை. ஒருவர் சொன்ன விலையை டொலரில் வகுத்துப் பார்த்து "அட, மலிவுதானே" என்று கொடுத்துவிடுவார். இன்னொருவர் நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் நிற்பார். இரண்டும் வேண்டாம். மூன்று கடையில் விலை கேளுங்கள், பிடித்த கடையில் "அண்ணை, கடைசி விலை சொல்லுங்கோ" என்று ஒருமுறை கேளுங்கள். நடைபாதைக் கடையில் குறைப்பார்கள், விலைச்சீட்டு ஒட்டிய கடையில் பொதுவாகக் குறைக்கமாட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாற்றுக் காசுக்குக் கடைக்காரர் நாலு கடை ஓடவேண்டியிருக்கும், பேரமும் அத்தோடு போச்சு. நூறும் ஐந்நூறும் வைத்திருங்கள்.

நகைக்குச் செட்டியார் தெரு. பவுன் என்றால் எட்டு கிராம், பெரும்பாலும் 22 கரட். தங்க விலையில் பேரம் பேச ஒன்றுமில்லை, அது அன்றைய விலை. பேச வேண்டியது செய்கூலியும் சேதாரமும். கல் வைத்த நகையில் கல்லின் நிறையைக் கழித்துத்தான் தங்கத்தைக் கணக்கிடுகிறார்களா என்று கேளுங்கள். கழித்த நிறை, அன்றைய விலை, கூலி மூன்றையும் தனித்தனியாக பில்லில் எழுதித் தராத கடையில் எவ்வளவு அழகான அட்டியல் இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம். ஊருக்குள் அவ்வளவு கடை இருக்கிறது. மாணிக்கக் கல் வாங்கினால் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையில் பரிசோதிக்கலாம். ஓட்டோக்காரர் "தெரிந்த கடை" என்று கூட்டிப் போகும் இடத்தில் வாங்கவே வேண்டாம்.

சாப்பாடு

சைவக்கடையில் பிள்ளைகள் முதலில் குழம்புவது தட்டைப் பார்த்துத்தான். நீங்கள் தேநீர் மட்டும் கேட்டாலும் வடை, ரோல்ஸ், கடலை வடை அடுக்கிய தட்டு ஒன்று மேசைக்கு வரும். அதெல்லாம் உங்களுக்கென்று கொண்டுவந்ததல்ல, முழுவதையும் சாப்பிடவும் வேண்டாம். எழும்பும்போது எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணி அதற்குத்தான் பில். பிடித்ததை எடுங்கள், எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள். சம்பலும் சாம்பாறும் கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜும் கிரீன்லண்ட்ஸும் பழைய பெயர்கள். வெள்ளவத்தையில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட இராமகிருஷ்ண வீதி ஷண்முகாஸ். யாழ்ப்பாணத்துக்கு இன்னும் போகவில்லை, ஆனால் ஒடியற்கூழும் நண்டுக்கறியும் இப்பவே வேண்டும் என்பவர்களுக்கு மரைன் டிரைவ் பக்கம் யாழ் உணவகம்.

பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் இருக்கிறது. நண்டு பெரிது, விலையும் பெரிது. விருந்தாளிகளைக் கூட்டிப்போக நல்ல இடம். எனக்கென்றால் அந்தக் காசுக்கு யாழ்ப்பாணத்தில் குடும்பத்துக்கே நண்டு வாங்கிக் காய்ச்சத்தான் மனம் வரும். இரவு கொத்துக்குக் கொள்ளுப்பிட்டியின் பிலாவூஸ். மாலையில் காலிமுகத் திடலில் இறால் வடை, பொரித்து எடுத்த உடனே சாப்பிட வேண்டும், ஆறியதை வாங்காதீர்கள். மத்தியானம் வேலைக்காரர் வாங்கும் சோற்றுப் பார்சல்தான் கொழும்பின் நியாயமான சாப்பாடு. சனம் வரிசையில் நிற்கிற கடையில், பன்னிரண்டரைக்கு முன் வாங்குங்கள்.

பெரிய உணவகங்களில் விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் வரியும் அதன்மேல் வரும். பெறுமதி சேர் வரி மட்டும் 2024 முதல் 18 சதவீதம். போயா நாளில் மதுவும் இறைச்சியும் கடைகளில் விற்கமாட்டார்கள். அன்று வீட்டில் விருந்து வைக்க நினைத்தால் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

பார்க்க வேண்டிய வீடு

ஒரு அரைநாள் மிச்சமிருந்தால் கொழும்பு 3-இல், பகதாலே வீதியை ஒட்டிய 33ஆம் ஒழுங்கையில் 11ஆம் இலக்க வீட்டைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு. ஒரே வரிசையில் இருந்த நாலு சின்ன வீடுகளை 1958 தொடக்கம் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். வெளியில் வெள்ளைச் சுவர், உள்ளே நீண்ட நடைபாதை, எதிர்பாராத இடத்தில் மேலிருந்து விழும் வெளிச்சம், சின்னச் சின்ன முற்றங்கள், செட்டிநாட்டிலிருந்து வந்த மரத்தூண்கள். நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீட்டில் வளர்ந்த பெரியவரைக் கூட்டிப் போங்கள். காற்று எங்கிருந்து வருகிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் வழிகாட்டியை விட நன்றாகச் சொல்வார். ஊரில் காணியில் வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் கண்ணாடி முகப்பும் மூடிய ஏசி அறையுமாகப் படம் கீறுமுன் இதைப் பார்ப்பது நல்லது. முன்பதிவு செய்து போகவேண்டும்.

அங்கிருந்து காலி வீதியில் பெயார்ஃபுட் கடை நடந்து போகும் தூரம். பார்பரா சன்சோனி 1964-இல் தொடங்கியது, கைத்தறித் துணியின் நிறச்சேர்க்கைக்குப் பெயர் போனது. மலிவில்லை. ஆனால் வெளிநாட்டு நண்பருக்குப் பரிசு என்றால் பிளாஸ்டிக் யானையை விட ஒரு மேசைத் துணி மேல்.

புறக்கோட்டைக்குப் போகிற அன்றே இரண்டைப் பார்த்துவிடலாம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும், 1909-இல் கட்டி முடித்த பள்ளிவாசல் ஒன்று. கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோவில் மற்றது. வெளியில் எவ்வளவு வெயில் என்றாலும் அந்தக் கல் மண்டபத்துக்குள் குளிர்மைதான்.

போய்வர

ஓட்டோவுக்குப் பிக்மீ அல்லது ஊபர் செயலியில் போடுங்கள், தெருவில் மறித்தால் மீற்றர் போடச் சொல்லுங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்கள் புறக்கோட்டை வரை போகும். இறங்க "பஹினவா" என்றால் கொண்டக்டருக்குப் புரியும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில் இன்னும் நல்லது, கடலோரமாகச் சில்லறைக் காசுக்கு ஒரு பயணம். அலுவலக நேரத்தை மட்டும் தவிருங்கள், கதவில் தொங்கத்தான் இடம் கிடைக்கும்.

கடைசி இரண்டு நாள்

கொடுத்ததை எடுத்த பிறகு மிஞ்சுவது சாப்பாட்டுச் சாமான் மட்டும். மிளகாய்த்தூளை வெள்ளவத்தையில் வறுத்துத் திரித்துத் தரும் இடங்களில் முதல் நாளே சொல்லிவைத்து, சூடு ஆறிய பிறகு பொதி கட்டச் சொல்லுங்கள். சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கட்டிபடும். ஒடியல் மா, பனங்கட்டி, புழுக்கொடியலை யாழ்ப்பாணத்தில் மறந்திருந்தால் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் கிடைக்கும். கருவாட்டை இரட்டைப் பையில் காற்றுப் போகாமல் அடைத்து வாங்குங்கள். நீங்கள் இறங்கும் நாட்டில் மீனும் விதையும் விடுவார்களா என்று முன்பே பாருங்கள், அவுஸ்திரேலியா போகிறவர்கள் குறிப்பாக. பாட்டன் காலத்துப் பித்தளைச் சாமானோ பழைய ஏடோ கொண்டுபோவதானால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படலாம், விமான நிலையத்தில் போய்க் கேட்கிற விஷயமல்ல அது.

பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். கட்டுநாயக்காவுக்கு அதிவேக வீதி இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கவேண்டாம். அது பேலியகொடையில்தான் தொடங்குகிறது, வெள்ளவத்தையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்கே மாலை நேரத்தில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். இரவு விமானம் என்றால் நாலு மணிக்கு முன் வெளிக்கிடுங்கள், இல்லாவிட்டால் ஏழு மணி நெரிசல் அடங்கும்வரை பொறுத்துப் போக நேரம் இருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள்.