சைக்கிள் பக்கப்பை: துணியைத் தடவிப் பார்த்து வாங்காதீர்கள்

கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்குப் போக எனக்குச் சைக்கிள்தான். பின் கேரியரில் தொங்கும் பக்கப்பையில் லேப்டாப், சாப்பாடு, தண்ணீர், திரும்பும்போது சந்தைக் காய்கறி. இதுவரை நான் வாங்கிய எந்தப் பையும் துணி கிழிந்து போனதில்லை. கொக்கி, தையல், ஜிப், இவற்றில் ஒன்றுதான் போயிருக்கிறது. கடையில் நாம் தடவிப் பார்ப்பதோ துணியை.

முதலில் கொக்கி. கேரியர் கம்பியின் கனம் தெரியாமல் பை வாங்குவதுதான் பெரிய தவறு. கம்பியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் கனம் தெரிந்துவிடும். கொக்கியின் வாய் அதைவிடப் பெரிதாக இருந்தால், கூடவே தரும் பிளாஸ்டிக் துண்டை உள்ளே செருக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் பை கடகடவென்று ஆடும். அந்த ஆட்டம் கொக்கியையும் தேய்க்கும், கம்பியின் பெயின்டையும் உரிக்கும். பெயின்ட் போன இடத்தில் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்.

கீழேயும் ஒரு பிடிப்பு வேண்டும். நம் பழைய மாடல் சைக்கிள் கேரியர்களில் பக்கவாட்டில் தடுப்புக்கம்பி போதுமான அளவு இருக்காது. கீழ்ப்பிடி இல்லாத பையை மாட்டிக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். பை உள்ளே சாய்ந்து, அதன் வார் சக்கரத்தில் சிக்கி இரண்டு போக்ஸ் கம்பி போனது. பையின் முதுகில் விறைப்பான தகடு இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

அப்புறம், பைத்துணியைப் பற்றிச் சொல்லும்போது வரும் இந்த டெனியர் கணக்கு. 600 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூலின் எடை 600 கிராம். அது நூலின் கனம்தான். தண்ணீர் புகுமா என்பதை அது சொல்லாது. தண்ணீரைத் தடுப்பது உள்பூச்சு. பாலியூரித்தேன் பூச்சு வெயிலிலும் ஈரக்காற்றிலும் பல மாதம் கிடந்தால் பிசுபிசுத்து உரியும். நம் ஊர் வெயிலுக்கு, தார்ப்பாய் போன்ற பிவிசி துணியில், தைக்காமல் சூட்டில் ஒட்டிய பையே என் தேர்வு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலிருந்து விழும் தண்ணீரைவிடச் சக்கரம் வாரி அடிக்கும் சேறே பையை அதிகம் நனைக்கிறது. பல மழையுறைகள் சக்கரப் பக்கத்தை மூடுவதில்லை. அந்தப் பக்கத்துத் தையலைப் பாருங்கள். ஜிப்பின் பல்லில் செம்மண் புழுதி ஏறினால் சில மாதத்தில் இறுகிவிடும். வாயை மூன்று மடிப்பு சுருட்டிப் பூட்டும் பைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அளவு விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். பை பெரிதானால் பெடல் மிதிக்கும்போது குதிகால் இடிக்கும். கடைக்குச் சைக்கிளோடு, தினமும் போடும் செருப்போடு போய் மாட்டிப் பார்ப்பது நல்லது.

கொக்கி திருகாணியில் மாட்டியதா, ரிவெட் அடித்ததா என்றும் கேளுங்கள். திருகாணி என்றால் கொக்கியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டிய பையில் ஓட்டை விழுந்தால் தைக்கக் கொடுக்காதீர்கள். ஊசி போன இடமெல்லாம் தண்ணீர் கசியும். அதே துணியில் ஒரு துண்டு வெட்டி, பிவிசி பசை தடவி ஒட்டுங்கள்.