களிமண்ணில் கணக்கு எழுதுவோம்: பிள்ளைகளுக்குச் சுமேரியரை அறிமுகப்படுத்தும் முறை

சக்கரம், எழுத்து, சட்டம், 60 நிமிடம் என்று, மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) தெற்கில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுமேரியரைப் பற்றி ஒரு பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது வழக்கம். பரீட்சைக்கு அது போதும். எழுத்து ஏன் தேவைப்பட்டது என்பது மட்டும் அதில் இல்லை. கணக்குத் தகராறில் ஒருமுறை மாட்டிக்கொண்டால்தான் அது விளங்கும். ஆகவே முதலில் பிள்ளைகளை மாட்டிக்கொள்ள விடுங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆறு பேர், இரண்டு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணித்தியாலம். வெள்ளவத்தை மாடிவீட்டுச் சாப்பாட்டு மேசையே போதும்; பத்திரிகைத்தாளை இரண்டு மடிப்பாக விரித்துவிடுங்கள்.

களிமண் ஒருவருக்கு 400 கிராம் வீதம் இரண்டரைக் கிலோ வேண்டும். மண்சட்டி, பூச்சட்டி செய்பவர்களிடம் பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்குங்கள். புத்தகக் கடையில் விற்கும் பிளாஸ்டிசின் வேண்டாம். அது காயாது, அதில் பதித்த கூர்மையான விளிம்பும் நிற்காது. மண்ணின் பதத்தைப் பார்க்க, சின்னவிரல் தடிப்பில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடித்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் தாளில் பரப்பி அரைமணி நேரம் விடுங்கள். ரொட்டி மாவைவிடச் சற்று இறுக்கமாக இருப்பதே சரியான பதம். வேலை தொடங்கும்வரை ஈரச்சீலையால் சுற்றிப் பொலித்தீன் பையில் வையுங்கள்.

விளையாட்டுக்கு முந்திய நாளே சிறு மண் வில்லைகள் செய்து காயவைக்க வேண்டும்: கூம்பு வடிவில் முப்பது, உருண்டையாகப் பத்து. கூம்பு 1, உருண்டை 10. நகத்தளவு போதும்.

இனி விளையாட்டு. ஒரு பிள்ளை மேய்ப்பர், ஒருவர் ஊருக் என்ற சுமேரிய நகரக் கோயிலின் களஞ்சியக் கணக்கர், ஒருவர் தூதுவர். மற்ற மூவரும் ஊரார். புளியங்கொட்டைகள்தான் செம்மறியாடுகள். மேய்ப்பர் 23 ஆடுகளை எண்ணித் தூதுவரிடம் ஒப்படைக்கட்டும். வழியில் இரண்டை ஒளித்துவிடும்படி தூதுவரின் காதில் மட்டும் சொல்லுங்கள். கணக்கருக்கு 21 ஆடுகள் கிடைக்கும். மேய்ப்பர் 23 என்பார், தூதுவர் 21 என்பார். யார் சொல்வது சரி என்று ஊரார் தீர்ப்புச் சொல்லட்டும். இந்த இடத்தில் பெரியவர்கள் வாய் திறக்கக்கூடாது. சண்டை நன்றாக முற்ற வேண்டும்.

இரண்டாம் சுற்றில் மேய்ப்பர் ஆடுகளோடு ஒரு மண்பந்தையும் அனுப்புகிறார். பெருவிரலால் குடைந்து, சுவர் அரை சென்டிமீட்டர் தடிப்பில் கிண்ணம்போல் செய்து, இரண்டு உருண்டைகளையும் மூன்று கூம்புகளையும் உள்ளே போட்டு வாயை மூட வேண்டும். வில்லைகள் காயாமல் இருந்தால் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். முந்திய நாளே காயவைக்கச் சொன்னது அதற்காகத்தான். இப்போது தூதுவரால் ஏமாற்ற முடியாது. ஆனால் கணக்கைப் பார்க்கப் பந்தை உடைக்க வேண்டியிருக்கிறது. உடைக்காமல் அறிவது எப்படி என்று கேளுங்கள். மூடுமுன் வில்லைகளை வெளிப்பக்கத்தில் அழுத்தி அடையாளம் வைக்கலாம் என்று பெரும்பாலும் ஒரு பிள்ளை சொல்லும். அடுத்த கேள்வி: வெளியே அடையாளம் இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு? பதில் வந்ததும் பந்து தட்டையான பலகையாகிவிடும்.

இப்படி வில்லைகள் அடைத்த மண்பந்துகள் ஊருக்கிலும் இன்றைய ஈரானிலுள்ள பழைய நகரமான சூசாவிலும் அகழ்வில் கிடைத்துள்ளன. எழுத்து இந்த வழியில் பிறந்தது என்ற விளக்கத்தை முன்வைத்தவர் தொல்லியலாளர் டெனிஸ் ஷ்மான்ட்-பெசெரா. அதன் எல்லாப் பகுதிகளையும் எல்லா ஆய்வாளரும் ஏற்பதில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மிகப் பழைய பலகைகள் சுமார் கி.மு. 3300ஐச் சேர்ந்தவை, அவற்றில் பெரும்பாலானவை ஆடு, பார்லி, கூலி பற்றிய கணக்குகளே.

பலகைக்கு 100 கிராம் மண்ணை 7 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், ஒன்றரைத் தடிப்பில் தட்டுங்கள். முதலில் பென்சில் முனையால் வட்டத்துக்குள் ஒரு சிலுவைக்கோடு வரையச் சொல்லுங்கள். அதுதான் செம்மறியாட்டுக் குறி. ஆடு போலவே இல்லையே என்பார்கள். எழுத்து வெறும் படமல்ல என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் இல்லை. கூடவே கோட்டின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: இழுத்த இடமெல்லாம் மண் பிசிறாக எழும்பியிருக்கும். வளைவுகளை வரைவதை விட்டு நாணலால் அழுத்தும் ஆப்பெழுத்துக்கு எழுத்தர்கள் மாறியதற்கு இந்தப் பிசிறு ஒரு காரணம்.

நாணலுக்குப் பதில் ஐஸ்கிரீம் தடியின் வளைந்த நுனியை நேராக வெட்டிவிடுங்கள். அதன் மூலையைச் சாய்வாக வைத்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி நேரே மேலே எடுத்தால், தலை அகன்று வால் ஒடுங்கிய ஆப்பு விழும். எழுதிப் பழகிய பிள்ளைகள் எல்லோரும் தடியை இழுப்பார்கள், ஆப்பு கீறலாகிவிடும். "குத்து, எடு" என்று சொல்லிக்கொண்டே செய்ய வையுங்கள். திசை மாற்ற மணிக்கட்டைத் திருப்பாமல் மறுகையிலுள்ள பலகையைத் திருப்ப வேண்டும்.

காயவைப்பதில் கொழும்பின் ஈரக்காற்றோடு அவசரப்படக்கூடாது. நிழலில், கம்பித் தட்டின் மேல், நாளுக்கொருமுறை திருப்பிவிட்டால் ஐந்தாறு நாளில் காயும். மழைக்காலத்தில் இன்னும் செல்லும். மின்விசிறிக்கு நேரே வைத்தால் ஓரம் முந்திக் காய்ந்து பலகை வளையும். சமையல் அவனில் வைக்கவே வேண்டாம், உள்ளே சிக்கிய நீராவி வெடிக்க வைக்கும். மெசொப்பொத்தேமியாவிலும் பெரும்பாலான பலகைகள் சுடப்படாதவையே. கட்டடங்கள் தீப்பற்றியபோது தற்செயலாகச் சுடப்பட்டு உறுதியானவையும் உண்டு.

இரண்டாம் சனிக்கிழமை, சுமேரியர் எண்ணுவதற்கு அடிப்படையாகக் கொண்ட 60க்கு உரியது. அறுபது புளியங்கொட்டையை 2, 3, 4, 5, 6 பேருக்குப் பிரிக்கச் சொல்லுங்கள்; ஒன்றுகூட மிஞ்சாது. நூறைக் கொடுத்தால் மூன்று பேரிலேயே இடறும். பிறகு எழுத்து: நிமிர்ந்த ஆப்பு 1, மூலையை மட்டும் அழுத்திய கொக்கி 10. அறுபதுக்கு மறுபடியும் அதே ஒற்றை ஆப்பு, ஆனால் இடப்பக்கத்தில். 75 என்றால் ஓர் ஆப்பு, இடைவெளி, ஒரு கொக்கி, ஐந்து ஆப்பு. 61ஐ எழுதச் சொன்னால் பாதிப்பேர் இடைவெளி விடமாட்டார்கள். அது 2 ஆகிவிடும். சுமேரியருக்குப் பின் அதே நாட்டில் இந்த எண்களை எழுதிய பழைய பாபிலோனிய எழுத்தர்களுக்கும் இதே குழப்பம் இருந்தது; அவர்களிடம் பூச்சியக் குறியும் இல்லை. மணிக்கூட்டின் 60 நிமிடமும் வட்டத்தின் 360 பாகையும் இந்த எண்முறையிலிருந்து கிரேக்க வானியலாளர் வழியாக வந்தவை.

நேரம் மிஞ்சினால் உருளை முத்திரை செய்யலாம். தடித்த மெழுகுதிரியில் மூன்று சென்டிமீட்டர் துண்டை, வெந்நீரில் தோய்த்த கத்தியால் பெரியவர் வெட்டித் தரவேண்டும்; குளிர்ந்த கத்தி மெழுகை உடைக்கும். பிள்ளை தன் பெயரின் முதலெழுத்தை ஆணியால் இடவலம் மாற்றிச் செதுக்கட்டும். கோதுமை மா தடவி ஈரமண்ணில் உருட்டினால் மெழுகு ஒட்டாது. எழுத்து தெளிவாக விழாவிட்டால் செதுக்கல் ஆழம் போதாது.

சுமேரியர் தமிழர்தானே என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். இணையத்தில் அப்படிக் காணொளிகள் ஏராளம். நேராகவே பதில் சொல்லுங்கள். சுமேரிய மொழிக்கு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. ஆனால் 'ஊர்' என்ற பெயருடைய சுமேரிய நகரின் அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. மெலுஹா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நின்றதாக சுமேரிய நகரங்களை வென்ற அக்காத் நாட்டு மன்னன் சார்கோனின் கல்வெட்டு சொல்கிறது. மெலுஹா சிந்துவெளியே என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. வணிகத்தொடர்பு பற்றிய இந்தச் சான்றுகளே பிள்ளைகளை வியக்க வைக்கப் போதும்.

அடுத்த விடுமுறையில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் பொறித்து, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுவிய கல். கோயிலுக்குக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் அளவோடு அதில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. கல் தேய்ந்திருப்பதால் தமிழ்ப் பகுதியின் வாசகத்தை முன்கூட்டியே தேடி அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். அதில் பொருள்களையும் எண்களையும் மட்டும் பிள்ளைகள் வட்டமிடட்டும்.