மலையில் செய்திப் பக்கம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மழைக்காலம் வந்தால் போதும், ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் புதிதாக நாலு செய்திப் பக்கங்கள் முளைத்துவிடும். யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழு என்று எல்லாவற்றிலும் இருப்பார்கள். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சின்னப் பசங்க, வேகமும் இருக்கிறது, ஊர் மேல் அக்கறையும் இருக்கிறது. ஆனால் பத்திரிகைகள் எதையெல்லாம் செய்து வாசகரின் நம்பிக்கையைத் தொலைத்தனவோ, அதையே இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எழுத்துப்பிழை, ‘அதிர்ச்சி’ தலைப்பு இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடுவோம்.

தேதி இல்லாத வீடியோ

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது, சிரியாவில் எடுத்த பழைய வீடியோ ஒன்று ‘குன்னூர் விபத்து’ என்று சுற்றியது. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று மூன்றும் தெரியாவிட்டால் போடாதீர்கள். மண்சரிவு வீடியோ வந்தால் முதலில் அதிலுள்ள வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்.

சத்தமில்லாமல் அழிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஒரு மழைக்காலத்தில் இரவு ஏழு மணிவாக்கில் ‘குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலை துண்டிப்பு’ என்று ஒரு பக்கத்தில் பதிவு வந்தது. உண்மையில் பர்லியாருக்கு மேலே ஒரு மரம் சாய்ந்திருந்தது, வெட்டி அகற்றினார்கள், கொஞ்ச நேரத்தில் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பதிவு போட்டவர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பதிவை அழித்துவிட்டு, ஒரு வரி விளக்கம்கூடச் சொல்லாமல் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் மலை முழுக்கப் பரவியாகிவிட்டது.

கேத்தி பாலாடாவில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் அன்றைக்குக் கேரட்டைக் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றத் தயாராக வைத்திருந்தார். கழுவின கேரட் ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் தாங்காது. டிரைவர் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி வர முடியாது என்றார். கோத்தகிரி வழியாகப் போகலாமென்றால் அங்கேயும் மண் விழுந்திருக்குமோ என்று பயம். சரக்கு ஒரு நாள் தாமதமாக மண்டிக்குப் போய், விலையும் அடிபட்டது. “தப்பாப் போட்டுட்டாங்க, சரிங்கண்ணா. ரோடு தொறந்தாச்சுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா ராத்திரியே ஏத்தியிருப்பேனே” என்றார்.

வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் சேர்த்து அழித்தாலும் உங்கள் குழுவில் இருப்பதுதான் போகும், அதற்கு முன்பே ஃபார்வர்டு ஆனது அப்படியே கிடக்கும். அனுப்பியதைத் திருத்தும் வசதியும் 15 நிமிடத்துக்குத்தான், அதுவும் ஃபார்வர்டு ஆனதை மாற்றாது. ஆக, தவறான செய்தி ஊரெல்லாம் இருக்க, அதைச் சரிபார்க்க வந்து பார்க்கக்கூடிய இடம் மட்டும் காலியாகிவிடுகிறது.

பத்திரிகைகளும் இதில் சுத்தமில்லை. தப்பு முதல் பக்கத்தில் வரும், ‘வருந்துகிறோம்’ என்பது சில நாள் கழித்து உள்பக்க மூலையில் வரும், பல நேரம் வரவே வராது. வாசகர் புகாரைக் கவனிக்கவென்றே 2006ல் ‘தி இந்து’ ரீடர்ஸ் எடிட்டர் ஒருவரை நியமித்தது, ஆனால் அந்த வழியில் போன பத்திரிகைகள் ரொம்பக் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஊடக ஆய்வு மையத்தின் 2024 ஆய்வில், செய்திகளைப் பெரும்பாலும் நம்புவதாகச் சொன்னவர்கள் 47 நாடுகளிலும் சேர்த்து 40 சதவீதம்தான்.

அதனால் பதிவை அழிக்காதீர்கள். தலைப்பிலேயே ‘திருத்தம்’ என்று போட்டு, என்ன தப்பு, எது சரி, எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று எழுதுங்கள். முதல் செய்தியை எந்தெந்தக் குழுவில் போட்டீர்களோ அங்கெல்லாம் இதையும் போடுங்கள், வீடியோவாக இருந்தால் திருத்தத்தைக் கமெண்ட்டில் போட்டு, மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) பண்ணுங்கள். “திருத்தம் போட்டா நம்ம பேரு கெட்டுடும்ணா” என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். அந்த விவசாயி இப்போதெல்லாம் ரோடு நிலவரம் தெரிய எந்தப் பக்கத்தையும் பார்ப்பதில்லை, பர்லியாரில் டீக்கடை வைத்திருப்பவருக்கு போன் போடுகிறார் என்று அவனுக்குச் சொன்னேன்.

‘தகவல் வெளியாகியுள்ளது’

சொன்னது யார்? அதை எழுதுங்கள்.

செய்திக்குறிப்பை அப்படியே ஒட்டுவது

கலெக்டர் ஆபீஸ் குறிப்பு வந்தால் அதில் இல்லாத ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆள் தெரியாத பக்கம்

அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், ஆசிரியர் யார் என்று பத்திரிகையின் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்திலிருந்தே வந்த வழக்கம். செய்தி தப்பென்றால் உள்ளூர் நிருபரை ஊட்டி சேரிங் கிராஸில் நிறுத்திச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்கவும் செய்வார்கள். உங்கள் பக்கத்தில் ‘அட்மின்’ என்று மட்டும் இருந்தால் அந்தக் கேரட்காரர் யாரைக் கூப்பிட்டு ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்பார்? பெயரையும் போன் நம்பரையும் பக்கத்தின் மேலேயே போடுங்கள், மழை நாளில் ராத்திரி அழைப்பு வந்தாலும் எடுங்கள்.