உடற்தகுதிக்காகத் தற்காப்புக் கலை: முதல் 12 வாரத்துக்கு இலக்கு வைப்பது எப்படி

கராத்தே, டேக்வாண்டோ, குத்துச்சண்டை, ஜூடோ, சிலம்பம் என எதில் சேர்ந்தாலும், புதிதாக வருபவர்கள் சொல்லும் இலக்குகள் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைய வேண்டும், ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட் வாங்க வேண்டும், சீக்கிரமே தலை உயரத்துக்குக் கிக் அடிக்க வேண்டும். மூன்றும் நேரடியாக உங்கள் கையில் இல்லாதவை. எடையைப் பெரும்பாலும் முடிவு செய்வது சாப்பாடு. பெல்ட்டை முடிவு செய்பவர் மாஸ்டர். கிக்கின் உயரத்தை இடுப்பு மூட்டு முடிவு செய்கிறது. வாரத்துக்கு எத்தனை வகுப்புக்குப் போகிறீர்கள், அங்கே எவ்வளவு உழைக்கிறீர்கள், எந்த அசைவை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறீர்கள் ஆகிய மூன்றும் மட்டுமே உங்கள் வசம் இருப்பவை. இலக்கை இவற்றின் மேல் வையுங்கள். மற்றதையெல்லாம் அளந்து நோட்டில் குறித்து வைத்தால் போதும்.

எடைக் கணக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலை 1 மெட் என்பார்கள். புதியவர்கள் மெதுவாகச் செய்யும் தற்காப்புக் கலைப் பயிற்சி ஏறக்குறைய 5.3 மெட். பழகியவர்கள் வேகமாகச் செய்தால் 10-ஐத் தாண்டும். மெட் எண்ணை உடல் எடையாலும் மணி நேரத்தாலும் பெருக்கினால் தோராயமான கலோரி கிடைக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு மணி நேர வகுப்பில் 5.3 × 70, அதாவது சுமார் 370 கலோரி. அந்த நேரம் சும்மா இருந்திருந்தாலும் 70 கலோரி செலவாகியிருக்கும். ஆக, கூடுதலாக எரிந்தது 300.

வாரம் மூன்று வகுப்பு என்றால் 900. பன்னிரண்டு வாரத்துக்கு 10,800. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. சாப்பாட்டில் எதையும் மாற்றாமல், ஒரு வகுப்பையும் தவறவிடாமல் வந்தாலும் மூன்று மாதத்தில் கிடைப்பது ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் வகுப்பு முடிந்து வரும் பசியில் கூடுதலாகச் சாப்பிடாமல் இருந்தால்! எடை குறைய வேண்டும் என்றால் அதற்குச் சாப்பாட்டில் தனித் திட்டம் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள், மூச்சும் காலும் நன்றாகத் தேறிவரும் ஆறாவது வாரத்தில் தராசைப் பார்த்து மனம் உடைந்து நின்றுவிடுகிறார்கள்.

சேரும் முன் அளவுகள்

நெஞ்சு வலி, மயக்கம், உயர் ரத்த அழுத்தம், இதய நோய், நீரிழிவுக்கு மருந்து, மூட்டில் பழைய காயம் அல்லது அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்கள் கீழே உள்ளவற்றை முதல் வகுப்புக்கு முந்தைய வாரத்தில் அளந்து எழுதி வைக்கலாம்.

ஓய்வு நாடித்துடிப்பு: காலையில் விழித்ததும் படுக்கையில் இருந்தபடியே ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூன்று நாள் எடுத்துச் சராசரி போடுங்கள். ஒரே நாள் எண்ணை நம்பாதீர்கள். சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள் அது ஏறியிருக்கும்.

துடிப்பு மீளும் வேகம்: மூன்று நிமிடம் நிற்காமல், நின்ற இடத்திலேயே முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நடக்க வேண்டும். நிறுத்தியவுடன் 15 விநாடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எண். உடற்தகுதி கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடும். தராசைவிட இது எவ்வளவோ நேர்மையான அளவு.

பிறகு, முதுகு வளையாமல் எத்தனை தண்டால், ஒரு நிமிடத்தில் எத்தனை பஸ்கி, பிளாங்க் (முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) எத்தனை விநாடி, ஒற்றைக் காலில் எத்தனை விநாடி என்று பாருங்கள். கடைசியாக, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கி மூன்று விநாடி நிறுத்துங்கள். பாதம் எந்த உயரத்தில் நிற்கிறது? முழங்கால், தொடை, இடுப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நீங்கள் கட்டுப்பாட்டோடு கிக் அடிக்கக்கூடிய உயரம் அதுதான். அதற்கு மேலே போவதெல்லாம் காலை வீசி எறிவது. தொடையின் பின்தசை கிழிவது பெரும்பாலும் அந்த வீச்சில்தான்.

முதல் நான்கு வாரம்: வருகை மட்டும்

வாரம் இரண்டு வகுப்பு, இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. இலக்கு: எட்டு வகுப்பில் ஏழு. இதைக் கேட்டால் பலருக்கும் சப்பென்று இருக்கும். வாரம் ஐந்து நாள் வரத் தயாராக இருப்பவரிடம் இரண்டு நாள் என்றால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தசை சில வாரங்களிலேயே பலப்படத் தொடங்கிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது வாரத்தில் உடம்பு தெம்பாக இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டுபவருக்குத்தான் ஐந்தாவது வாரத்தில் குதிகால் தசைநாணிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலி வருகிறது.

இரண்டு வகுப்பு போதுமா? வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. ஒரு மணி நேர வகுப்பில் மாஸ்டர் விளக்கும் நேரம், முறைக்காகக் காத்திருக்கும் நேரம் போக உண்மையான அசைவு 40 நிமிடம் இருக்கலாம். பயிற்சியின் நடுவே நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அது கடும் உழைப்பு. இரண்டு வகுப்பிலேயே 80 நிமிடம் வந்துவிடுகிறது. சரளமாகப் பேச முடிந்தால் மிதமானது. மீதி 70 நிமிடத்தை வேக நடையில் ஈடுகட்டுங்கள்.

ஐந்தாவது வாரத்திலிருந்து சுமையைக் கூட்டுவது

ஒவ்வொரு வகுப்பு முடிந்து அரை மணி நேரத்துக்குள், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10-க்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 60 நிமிடம், கடினம் 5 என்றால் சுமை 300. வாரம் இரண்டு வகுப்புக்கு 600. மூன்றாவது வகுப்பை அப்படியே சேர்த்தால் ஒரே வாரத்தில் 900, அதாவது பாதிக்குப் பாதி கூடுதல். இது அதிகம். ஐந்தாவது வாரம் மூன்றாவது நாளாக வீட்டிலேயே 20 நிமிடம் எளிய பயிற்சி செய்யுங்கள். கடினம் 4 என்றால் 80 சேரும். ஆறாவது வாரம் 30 நிமிடம், ஏழாவது வாரம் 40. எட்டாவது வாரம் மூன்றாவது வகுப்புக்குப் போகலாம். அதிலும் கடைசிச் சுற்றின் கடும் பகுதியை விட்டுவிடுகிறேன் என்று மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல மாஸ்டர் தடுக்க மாட்டார். தடுத்தால் அந்த இடம் புதியவர்களுக்கு ஏற்றதா என்று யோசிக்க வேண்டியதுதான்.

வீட்டில் அந்த 20 நிமிடத்துக்கு: 5 நிமிட வார்ம்-அப், இரண்டு நிமிடச் சுற்றாக மூன்று முறை நிழல் குத்து (எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக் காற்றில் குத்துவது), சுற்றுகளுக்கு இடையே ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு தண்டாலும் பஸ்கியும் உங்கள் உச்ச எண்ணிக்கையில் பாதி வீதம் இரண்டு முறை. மீதி நேரம் இடுப்புக்கும் தொடைக்கும் நீட்சி.

அசைவுகள்: மூன்று போதும்

முதல் மூன்று மாதத்தில் இருபது உத்திகள் கண்ணில் படும். மூன்றை மட்டும் இலக்காக எடுங்கள்: நிற்கும் நிலை, நேர்க் குத்து, ஒரே ஒரு கிக். ஜூடோ, ஜூ-ஜிட்சு போன்ற மல்யுத்த வகை என்றால் கிக்குக்குப் பதில் விழும் முறை. அங்கே அதுதான் முதல் பாடம். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து தரையில் படும்படி விழத் தெரியாதவர் கையை ஊன்றுவார். மணிக்கட்டும் தோளும் உடைவது அதனால்தான்.

‘கிக் நன்றாக வர வேண்டும்’ என்பது இலக்கே இல்லை. எப்போது நிறைவேறியது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதுங்கள்: “ரவுண்ட்ஹவுஸ் கிக் (பக்கவாட்டிலிருந்து காலைச் சுழற்றி அடிப்பது), தொடை உயரத்தில், ஒவ்வொரு காலிலும் பத்து. முகத்தைக் காக்கும் கை கீழே இறங்கக்கூடாது. ஊன்றிய காலின் குதிகால் ஒவ்வொரு முறையும் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். அடித்த பின் தடுமாறாமல் பழைய நிலைக்கு வர வேண்டும்.” பத்தில் எட்டு வந்தால் தேர்ச்சி. போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்து எண்ணுங்கள். செய்யும்போது சரியாக இருப்பதாகத் தோன்றுவதற்கும் வீடியோவில் தெரிவதற்கும் முதலில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

குதிகால் விஷயத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஊன்றிய பாதம் தரையில் பதிந்தபடியே இருக்க, இடுப்பு மட்டும் சுழன்றால் நடுவில் மாட்டுவது முழங்கால். புதியவர்களின் முழங்கால் வலிக்கு இது மிகச் சாதாரணமான காரணம். பிடிமானம் அதிகமுள்ள ரப்பர் விரிப்பில் ஷூவோடு கிக் பழகுவது இன்னும் மோசம்.

காற்றில் கிக் அடிக்கும்போது முழங்காலைக் கடைசிவரை விறைத்து நீட்டினால் மூட்டின் பின்பக்கம் வலிக்கும். சற்றே மடங்கிய நிலையில் நிறுத்துங்கள். குத்துப் பையில் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் பட வேண்டும். மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்க வேண்டும். கையில் 4.5 மீட்டர் பட்டையைச் சுற்றாமல் வெறும் கிளவுஸோடு முழு பலத்தில் அடிப்பவருக்கு மணிக்கட்டு சுளுக்கு உறுதி. முதல் எட்டு வாரம் பாதி பலம் போதும்.

ஸ்பாரிங், பெல்ட்

உடற்தகுதிதான் நோக்கம் என்றால் ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவது, கட்டாயமில்லை. தலையில் அடி வாங்குவதால் இதயமோ நுரையீரலோ பலப்படுவதில்லை. ஆசை இருந்தால் மூன்று மாதம் கழித்து, பல் காப்பு போட்டு, 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸோடு, உடம்பில் மட்டும் லேசான தொடுதல் என்று முன்பே பேசிக்கொண்டு தொடங்கலாம்.

பெல்ட்டின் காலக்கெடு பள்ளிக்குப் பள்ளி மாறும். பிரேசிலியன் ஜூ-ஜிட்சுவில் பிளாக் பெல்ட்டுக்கு பத்து ஆண்டு ஆவது சகஜம். சில கராத்தே பள்ளிகளில் நான்கைந்து ஆண்டிலேயே கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை. தேர்வு வந்தால் எழுதுங்கள். ஆனால் உங்கள் நோட்டில் அது இலக்காக இருக்க வேண்டாம்.

தடங்கல் வரும்போது

ஒரு வகுப்பு போனால் போனதுதான். அடுத்த வாரம் சேர்த்துச் செய்து ஈடுகட்டாதீர்கள். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் சுமையைப் பாதியாக்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். காய்ச்சல் இருந்தால் பயிற்சி கூடாது.

வலியில் இரண்டு வகை. இரண்டு தொடையிலும் சமமாக, மந்தமாக வலித்து, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், உடம்பு சூடானதும் குறைவது தசை வலி. அதோடு லேசாக அசையலாம். ஒரே பக்கத்தில், மூட்டில், சுருக்கென்று வந்து, செய்யச் செய்யக் கூடுவது காயம். அன்றைக்கே நிறுத்துங்கள். கடும் பயிற்சிக்குப் பின் தசைகள் தாங்கமுடியாமல் வலித்து, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது. முதல் வகுப்பிலேயே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்கச் சொன்னால் மறுப்பதில் வெட்கமே வேண்டாம்.

பன்னிரண்டாவது வார முடிவில்

முதலில் அளந்த அதே அளவுகளை அதே நேரத்தில், அதே முறையில், முந்தைய நாள் ஓய்வெடுத்துவிட்டு எடுங்கள். தண்டால், பஸ்கி, பிளாங்க் ஆகியவற்றில் மாற்றம் முதலில் தெரியும். ஓய்வு நாடித்துடிப்பு சில எண்களே இறங்கலாம். சிலருக்கு அசையவே அசையாது. காலைத் தூக்கி நிறுத்தும் உயரம் கையகல அளவு ஏறியிருந்தாலே நல்ல முன்னேற்றம்.

எண்கள் எதுவுமே நகரவில்லை என்றால், முதலில் வருகைப் பதிவைப் பாருங்கள். பத்துக்கு எட்டு வகுப்புக்குக் குறைவாக வந்திருந்தால் திட்டத்தில் தவறில்லை. வகுப்பு நேரமோ தூரமோ உங்களுக்கு ஒத்துவரவில்லை. அதை மாற்றிக்கொண்டு இதே 12 வாரத்தை மறுபடி தொடங்குங்கள். வருகை சரியாக இருந்தும் கடின மதிப்பெண் எப்போதும் 3, 4 என்றே இருந்தால் சுமை போதவில்லை. அடுத்த சுற்றில் வாரம் ஒரு வகுப்பையாவது 6 அல்லது 7-க்குக் கொண்டுபோங்கள். மதிப்பெண் எப்போதும் 8, 9 என்று இருந்து, தூக்கமும் கெட்டு, காலை நாடித்துடிப்பு ஏறியிருந்தால் நிலைமை நேரெதிர். ஒரு வாரம் சுமையைப் பாதியாக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.