டெல்டாவில் வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, அதனால் சல்லிசாக முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் மன்னார்குடி, கூத்தாநல்லூர், மயிலாடுதுறைப் பக்கம் வீடு தேடி வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. பூட்டிய வீடெல்லாம் விற்பனைக்கு நிற்கும் வீடு அல்ல. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். வாடகை வந்துதான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இல்லை. விற்கலாம் என்று மூன்று பேர் சொன்னால் நாலாவது வாரிசு கையெழுத்துப் போட மாட்டார். ஊரில் ஆள் குறைந்தாலும் விலை இறங்காததற்குக் காரணம் இதுதான். விலை சொல்கிறவர்களில் பலர் ஊரிலேயே இல்லை.

மக்கள்தொகை எண்ணை எடுத்துப் பேசுகிறவர்களும் சறுக்குகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு 16,16,450 பேர். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பர் 28-இல்தான். ஆக, அந்த எண்ணில் இரண்டு மாவட்டமும் அடக்கம். அதை இன்றைய நாகையோடு ஒப்பிட்டு, மக்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள் என்று முடிவுகட்டினால் கணக்கு கோணலாகிவிடும்.  

பணத்தோடு மாட்டிக்கொள்ளும் இடம் அடிமனைதான், அதாவது வீடு நிற்கும் நிலம். டெல்டாவில் கோயில், மடத்து மனைகள் ஏராளம். சன்னதித் தெருக்களில் கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை சாமியுடையது என்ற நிலை சகஜம். மாதாமாதம் கோயிலுக்கு மனை வாடகை கட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் “வீடு மட்டும்” என்று விலை பேசுவார்கள், அது பக்கத்துத் தெரு விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் அந்த மனையை உங்கள் பெயருக்குக் கிரயம் பதிய முடியாது. முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் மனைக்கு உரிமை தராது, வங்கிக் கடனுக்கும் உதவாது. பழைய வாடகை பாக்கி இருந்தால் அதுவும் உங்கள் தலையில் விழலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதும் என்று தரகர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

அளவிலும் ஏமாறக் கூடாது. தஞ்சைப் பக்கம் குழி என்றால் 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். ஒருவர் குழிக்கும் இன்னொருவர் சென்ட்டுக்கும் விலை சொன்னால், இரண்டையும் சதுர அடிக்கு மாற்றிப் பாருங்கள்.

நஞ்சையை மனையாக்கி விற்கும் இடத்தைக் கோடையில் பார்த்து மயங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, ரோட்டைவிட மனை எவ்வளவு தாழ்வு என்று தெரிந்துவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்ப மண் அடிக்கும் செலவு விற்பவர் சொன்ன விலையில் இருக்காது. களிமண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அதனால் அஸ்திவாரச் செலவும் கூடும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், பத்திரச் செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். சொத்தின் மதிப்பு 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்து பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறையும்.